சுவருக்குக் குளிருமா?

மார்கழி மாதத்துப் பின்னிரவொன்றில், தலையில் மப்ளரும் காலில் இரட்டை உறையும் தரித்து, மேலே இரண்டு கம்பளிகளை இழுத்துப் போர்த்தி, சரீரத்தில் மூக்கு ஒன்றை மட்டும் லோகத்துக்குக் காட்டிக்கொண்டு படுத்திருந்த எனக்கு, அந்த மூக்கும் மரத்துப் போய்விட்டது தெரிந்த மாத்திரத்தில், மதுரை வெயிலுக்குப் பயந்து கொடைக்கானல் மலைமேல் பள்ளங்கியில் பழைய செங்கல் வீடு வாங்கிய என் புத்தியைப் பற்றிக் கொஞ்சம் விசாரணை நடத்த வேண்டுமென்று தோன்றிற்று.

வெயிலுக்குப் பயந்து இந்த மலை ஏறியவர்களில் நான் முதல்வன் அல்லன். மதுரையில் ஊழியம் செய்ய வந்த அமெரிக்கப் பாதிரிமார்கள், காய்ச்சலும் கோடையும் தங்கள் குடும்பங்களைப் படுத்திய பாடு பொறுக்காமல், 1845-இல் கொடைக்கானலில் சன்னிசைடு, ஷெல்டன் என்ற இரண்டு பங்களாக்களைக் கட்டிப் பிராணனைக் காத்துக்கொண்டார்கள். அவர்கள் பனி பெய்யும் தேசத்தில் பிறந்தவர்களாகையால், குளிரோடு குடித்தனம் நடத்தும் வித்தை தெரிந்திருந்தது. என் வீட்டைக் கட்டிய புண்ணியவானோ சமவெளிக்காரராக இருந்திருக்க வேண்டும். ஒன்பது அங்குலச் சுவர், நாலு திசையிலும் தாராளமான ஜன்னல்கள், மச்சு இல்லாத மங்களூர் ஓட்டுக் கூரை. ‘நல்ல காற்றோட்டமான வீடு சார்’ என்று தரகர் சொன்னதை நான் புகழ்ச்சியென்று எடுத்துக்கொண்டேன். மனுஷர் எச்சரிக்கைதான் செய்திருக்கிறார்.

வில்பட்டியைத் தாண்டிப் பள்ளங்கிக்கு வரும்போது, படி வெட்டினாற்போல் இறங்கும் தோட்டங்களில் கேரட்டும் பீன்ஸும், 2019-இல் புவிசார் குறியீடு பெற்றுக் கௌரவம் அடைந்துவிட்ட மலைப்பூண்டும் பச்சென்று நிற்கும் காட்சி மனத்துக்கு இதமானதே. ஆனால் ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும் மழை அந்தச் செங்கற்களுக்குள் இறங்கிவிட்டால், தை பிறந்தும் அது வெளியேறுவதில்லை. பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் பூசணம். காலண்டரில் இருந்த பழனியாண்டவர் முழங்கால்வரை ஊறி, ஒரு நாள் ஆணியைவிட்டு இறங்கிக் கட்டிலுக்கடியில் போய்ச் சேர்ந்தார்.

இந்தக் கஷ்டங்களைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்த என் மைத்துனர் மகன், டொராண்டோவில் ஸ்கார்பரோ பகுதியில் வாசம் செய்பவன், “மாமா, நீங்க மூணு சுற்றுப் போர்த்திக்கிட்டு, வீட்டை வெறும் உடம்போட நிக்க வச்சிருக்கீங்க. செங்கல்லுக்கு வெளியே தெர்மாகோல் அடிச்சு, அதுக்கு மேல ஒரு சட்டை மாட்டுங்க” என்றான். அங்கே பழைய செங்கல் வீடுகளுக்கு இப்படி மேலுடை அணிவிப்பதும் உண்டாம்.

எனக்கு முதலில் இது பரிகாசமாகத்தான் பட்டது. உஷ்ணம் செங்கல் வழியாகக் கடக்கும் வேகத்தோடு ஒப்பிட்டால் தெர்மாகோலில் அது ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான் என்றும், ஆகவே இரண்டு அங்குலத் தெர்மாகோல் மூன்றடிச் செங்கற் சுவருக்குச் சமானம் என்றும் அவன் கணக்குச் சொன்னபோது, இத்தனை காலம் டெலிவிஷன் பெட்டியோடு வந்த அந்த அற்ப வஸ்துவைக் குப்பையில் எறிந்த பாவத்தை எண்ணி வருந்தினேன். அதன் மகிமையெல்லாம் அதற்குள் அடைபட்டுக் கிடக்கும் அசையாத காற்றினால் வந்தது. செங்கல்லின் துவாரங்களிலும் அப்படிக் கொஞ்சம் காற்று உண்டு. மழைத் தண்ணீர் அதைத் துரத்திவிட்டு உட்கார்ந்துகொண்டால், தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக உஷ்ணத்தைக் கடத்துமாதலால், நனைந்த சுவர் ஈர வேட்டி கட்டிய மனிதனின் கதியை அடைகிறது.

அறைக்கு உள்பக்கமே ஒட்டிவிட்டால் செலவு குறையுமே என்ற என் மதுரைப் புத்தியையும் அவன் ஏற்கவில்லை. உள்ளே ஒட்டினால் செங்கல் வெளிக்குளிரிலேயே நிற்கும். நம் மூச்சும் சோற்றுப்பானை ஆவியும் இடுக்கு வழியே போய் அந்தக் குளிர்ந்த முகத்தில் வியர்த்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பூசணம் வளர்க்கும். வெளியே போர்த்தினால், வைக்கோலுக்குள் புதைத்து வைத்த சூட்டுப்பானை மாதிரி, பகலில் ஏறிய சூட்டைச் சுவர் இரவிலும் வைத்திருக்கும்.

உள்ளூர் மேஸ்திரியை வரவழைத்து விருத்தாந்தத்தைச் சொன்னேன். சாவதானமாகக் கேட்டுவிட்டு, “செவுத்துக்குக் குளுருதாக்கும்?” என்றார். பிறகு அண்ணாந்து ஓட்டைப் பார்த்து, “சூடெல்லாம் மேலதான் சார் போகுது. மொதல்ல மச்சடிங்க” என்றார். இது அட்சரலட்சம் பெறும் வார்த்தை என்பது இன்று எனக்குத் தெரிகிறது; அன்று கனடாவின் அபிப்பிராயத்துக்கு முன்னால் பள்ளங்கியின் அபிப்பிராயம் எடுபடவில்லை.

வத்தலக்குண்டிலிருந்து தெர்மாகோல் பலகைகள் லாரியில் வந்து இறங்கிய தினத்தில் டீக்கடை முழுவதும் எங்கள் வாசலில் கூடிவிட்டது. 2017 ஏப்ரலில் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் தடுக்கத் தெர்மாகோலை மிதக்கவிட்டதையும், காற்று அதைக் கரையில் ஒதுக்கியதையும் தமிழ்நாட்டில் மறந்தவர் எவர்? “அங்க மிச்சப்பட்டதா சார்?” என்று ஒருவர் மிகுந்த மரியாதையோடு விசாரித்தார். மேஸ்திரி ஒரு துண்டை ஒடித்துத் தீக்குச்சியைக் காட்ட, அது கறுப்புப் புகை கக்கிச் சுருண்டு ஒழுகியது. அதன் பயனாக ஜன்னல் ஓரங்களிலும் அடுப்புப் புகைக்கூண்டைச் சுற்றியும் தெர்மாகோல் இல்லாமல் வெறும் செங்கல்லாகவே விட்டோம். இந்த ஒரு முன்யோசனைக்காக அந்த மேஸ்திரிக்கு நான் கடமைப்பட்டவன்.

இற்றுப்போன பூச்சைக் கொத்தி எடுத்து, தெர்மாகோலை அடித்து, அதன்மேல் ரீப்பர் சட்டங்களை நெட்டுக்குத்தாக நிறுத்தி, ரீப்பரில் சிமெண்ட் போர்டை ஸ்க்ரூ போட்டு முடுக்குவது ஏற்பாடு. ரீப்பர் உண்டாக்கும் இடைவெளியில், தப்பி உள்ளே வந்த மழைநீர் வழிந்து அடியில் இறங்கிவிட வேண்டும். அந்த அடிவாய் திறந்தே இருக்க வேண்டும். நான் பழனிக்குப் போய்த் திரும்பிய ஒரு நாளைக்குள், கொத்தனார், என்மேலுள்ள வாஞ்சையினால், அந்த வாய் முழுவதையும் சிமெண்டால் அடைத்து மெழுகி, “குளிர் புகுந்துரும்ல சார்” என்றார். அதைக் கொத்தித் திறந்து, எலி போகாதபடி வலையடிக்க மேலும் இரண்டு நாள் கூலி ஆயிற்று.

மனைவியின் ஆக்ஷேபம் வேறு தினுசு. வாசலுக்கு வலப்புறம் கார்த்திகை விளக்கு வைக்கும் மாடக்குழியைப் போர்டு மூடிவிட்டது. “வீட்டுக்குச் சட்டை போடுங்க, வேண்டாங்கலை. கண்ணை எதுக்கு மறைக்கணும்?” என்றாள். போர்டை அறுத்து, சுற்றிலும் தெர்மாகோலை நீக்கிக் கருங்கல் பதித்ததில், மாடம் நாலங்குலம் ஆழமாகிவிட்டது. இந்த வருஷம்தான் கார்த்திகைக் காற்றுக்கு விளக்கு அணையவில்லை. செய்த செலவில் அவள் வாய்விட்டு அங்கீகரித்த ஒரே பகுதி அதுதான்.

வேலை முடிந்த மறுவாரமே காட்டுமாடு ஒன்று ராத்திரியில் வந்து, புதுப் போர்டின் மூலையில் விலாவைச் சொறிந்துகொண்டு, ஒரு சாண் துண்டைப் பெயர்த்துவிட்டுப் போயிற்று. வழிப்போக்கர்களோ, “இது என்ன குடோனுங்க, உருளைக்கிழங்கா?” என்றார்கள்.

குளிர் குறைந்ததா என்று கேட்பீர்கள். பூசணம் போயிற்று, பழனியாண்டவர் ஆணியில் ஸ்திரமாக இருக்கிறார். மற்றபடி, மேஸ்திரி சொன்னபடியே பாதிச் சூடு ஓட்டு வழியாக ஆகாயத்துக்குப் போய்க்கொண்டிருந்ததால், என் மூக்கினால் நிச்சயமாகத் தீர்ப்பளிக்க முடியவில்லை. தீர்ப்பை வழங்கியது செவலை.

செவலை யாருக்கும் சொந்தமில்லாத நாய். எங்கள் அடுப்படியில் விதைப்பூண்டைப் புகையில் தொங்கவிட்டிருப்பதால், விறகடுப்பு எப்பொழுதும் கனன்றுகொண்டே இருக்கும். அந்தச் சுவரின் வெளிப்புறத்தில் முதுகை ஒட்டிச் சுருண்டு படுப்பது அதன் அநாதிகால வழக்கம். சட்டை மாட்டிய பிறகு மூன்று இரவு அங்கேயே வந்து சுற்றிச் சுற்றி முகர்ந்து பார்த்தது. நாலாம் நாள் காணோம். பக்கத்து வீட்டுப் பெண் வந்து, “உங்க செவலை எங்க அடுப்படிச் செவுத்தோட வந்து ஒண்டிக்கிருச்சுக்கா, என்ன கோவமோ தெரியலை” என்றாள்.

ஸ்கார்பரோவுக்குச் சொன்னேன். “சூடு ஒரு பொட்டும் வெளியே கசியலைன்னு அர்த்தம் மாமா!” என்று அவன் குதூகலித்தான். இதை நான் மனைவியிடம் அப்படியே ஒப்பித்திருக்க வேண்டியதில்லை. அவள் ஒன்றும் பேசாமல் ஒரு பழைய சாக்கை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து என் கட்டிலில் கம்பளி ஒன்றுதான் இருக்கிறது.