காலணாவுக்கு வயசு என்ன?

தேய்ந்த செப்புக்காசில் ஆண்டு எண்ணைப் படிக்க உச்சிவெயில் உதவாது. அது நேராக விழுந்து மேடு பள்ளம் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடும். எதிர்வீட்டு மாடிக்கு மேலே அப்போதுதான் தலைகாட்டிச் சாய்ந்து விழுகிற காலை வெயில்தான் வேண்டும். காசை அதில் படுக்கைவாக்கில் பிடித்து மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தால், எண்ணின் விளிம்பு மயிரிழை அளவு மிஞ்சியிருந்தாலும் ஒரு நிழல் கட்டும். படிக்க வேண்டியது அந்த நிழலைத்தான்.

இதில் சங்கடம் என்னவென்றால், மில் வேன்கள் எங்கள் தெருவைத் தாண்டுவதும் அதே நேரத்தில்தான். வேடசந்தூரைச் சுற்றி நூற்பாலைகள் கொஞ்சமா நஞ்சமா? கைலியும் ஓட்டைப் பனியனுமாக, ஒரு கண்ணை மூடி, வாயைத் திறந்து, கையைச் சூரியனுக்கு நேரே நீட்டியபடி வாசலில் நிற்கும் என்னை ஷிப்டுக்குப் போகிற மொத்த ஜனமும் பார்த்துவிட்டுப் போகும். "பாவம், நல்லாத்தான் இருந்தாரு" என்று ஒரு குரல் கேட்கும். வீட்டுக்குள்ளிருந்து இன்னொரு குரல்: "ஏங்க, கரண்ட் பில்லுக்குக் கடைசித் தேதி என்னைக்கு? அதைக் கண்டுபிடிங்க முதல்ல."

காசுகள் வந்த வழி கௌரவமானதுதான். அப்பத்தா போன பிறகு பாகம் பிரித்தார்கள். அண்ணனுக்குக் கிணற்றோடு தோட்டம், தங்கச்சிக்குக் காதுத்தோடு, எனக்குச் சுருக்குப்பை. "படிச்ச புள்ள, வச்சுக்கட்டும்" என்று சித்தப்பா தீர்ப்புச் சொன்னார். பையைத் திறந்தால் பொயிலை வாசம் இன்னும் போகவில்லை. புகையிலைக்கென்றே மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் வைத்த ஊர் இது. அந்தப் பையைப் பார்த்திருந்தால் கட்டடம் கட்டும் செலவு மிச்சமாகியிருக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பும் பல வருஷத்துக் கைவிரலும் சேர்ந்து எல்லாக் காசையும் வழுவழு என்று ஆக்கியிருந்தன.

எண் தெரியாவிட்டால் எடை சொல்லும். ஆங்கிலேயர் காலணா 1906 வரை செம்பு. அந்த ஆண்டில் வெண்கலத்துக்கு மாறினார்கள். அகலம் மாறவில்லை, ஆனால் 6.48 கிராம் இருந்த காசு 4.86 கிராமாக இளைத்தது. நகைக்கடைத் தராசில் வைத்தால் தெரிந்துவிடும். தேய்மானத்துக்குக் கொஞ்சம் தள்ளுபடி கொடுத்தாலும் ஆறை ஒட்டி நிற்பது பழசு, ஐந்துக்குக் கீழே நிற்பது புதுசு. நான் காலணாவோடு படியேறினால் கடைக்காரர் நாற்காலியைக் காட்டுவதில்லை. "விக்கவாண்ணே?" என்பார். "இல்லப்பா, வயசு பாக்க" என்பேன். எனக்கா, காசுக்கா என்று அவர் கேட்காதது அவருடைய பெருந்தன்மை.

அடுத்தது முகம். இடப்பக்கம் பார்க்கும் அம்மாள் விக்டோரியா. அவர் பெயரை அடுத்து ஐந்து எழுத்துக்கு இடம் இருந்தால் 'குயீன்', அதாவது 1862-லிருந்து 1876-க்குள். ஏழு எழுத்துக்கு இடம் இருந்தால் 'எம்ப்ரஸ்', 1877-க்குப் பிறகு. மகுடம் இல்லாத வழுக்கைத் தலை வலப்பக்கம் பார்த்தால் ஏழாம் எட்வர்டு, 1903 முதல் 1910 வரை. இவரை மட்டும் நான் இருட்டில் தடவியே கண்டுபிடித்துவிடுவேன். தினமும் காலையில் கண்ணாடியில் பழகிய தலை. திரும்பவும் இடப்பக்கம் பார்த்து, மகுடமும் இருந்தால் ஜார்ஜ்.

தலையே இல்லாமல் கேடயமும் சிங்கங்களும் இருந்தால் கம்பெனிக் காசு. என் பையில் அப்படி ஒன்று உண்டு. சென்னை மாகாணத்துக்காக 1808-இல் இங்கிலாந்தில் அடித்த இருபது காசு என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும். அதில் சிங்கத்தின் பின்னங்கால் மட்டுமே பாக்கி. அந்த வருஷத்துக் காசுகளை மூட்டை மூட்டையாகச் சென்னைக்கு ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் முக்குளிப்பவர்கள் லட்சக்கணக்கில் அள்ளினார்கள். பல காசுகளில் எண்கள் பளிச்சென்று இருக்கின்றன. பத்திரமாக வந்து சேர்ந்தது மொட்டை, முழுகிப்போனது முழுசு. அப்பத்தா கையைவிட அந்தக் கடல் சாது.

எங்கள் பக்கத்துக்கே உரிய இன்னொரு தொல்லை திப்பு. அவருடைய அப்பா ஹைதர் அலி 1755-இல் ஃபவுஜ்தாராக உட்கார்ந்த ஊர் திண்டுக்கல். 1792 உடன்படிக்கையில்தான் இது திப்புவிடமிருந்து கம்பெனி கைக்குப் போனது. ஆகவே யானை போட்ட செப்புக்காசு இந்தப் பக்கம் இருப்பதில் அதிசயமில்லை. 1787-லிருந்து திப்பு மௌலூதி என்ற புதிய ஆண்டுக் கணக்கைக் கொண்டுவந்தார். அதன் எண்களை வலமிருந்து இடமாக எழுத வைத்தார். 1216 என்பது 6121 என்று நிற்கும். அதைத் திருப்பிப் போட்டு 572-ஐக் கூட்டினால் 1788. போதாக்குறைக்கு அந்த எண் முறையில் சுழியம் என்பது ஒரு புள்ளி. அது புள்ளியா, துரு தின்ற குழியா என்பது திப்புவுக்கே வெளிச்சம். ராஜராஜன் புண்ணியவான். காசில் பெயரைப் போட்டார், ஆண்டைப் போடவே இல்லை. படிக்க முடியவில்லையே என்ற ஏக்கம் யாருக்கும் வராது.

சொல்ல மறந்தேனே, புளி. செப்புக்குடம் துலக்குகிற கைக்குச் செப்புக்காசைக் கண்டால் சும்மா இருக்க முடியாது. புளியும் உப்பும் கருப்பை மட்டும் எடுப்பதில்லை. மிச்சமிருக்கிற எண்ணின் மேல்தோலையும் சேர்த்துக் கரைத்துவிடும். மண் ஒட்டியிருந்தால் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரில் (ஆசிட்டில் அல்ல) நாள்கணக்காக ஊறப்போடுங்கள், போதும். நான் காசு ஊறப்போட்ட கிண்ணம் எங்கள் ஃபிரிட்ஜுக்கு மேலே இருக்கிறது. அதைத் தள்ளி வைத்துத்தான் இட்லி அரிசி ஊறுகிறது.

எண் தெரியாத காசைக் கண்டு பயப்பட வேண்டாம். எண் அளவுக்கு மீறித் தெளிவாக இருந்தால் பயப்படுங்கள். ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ ஒரு பக்கம், கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும் 1818-ம் மறுபக்கம் என்று ஒரு காசு ஊர் ஊராகச் சுற்றுகிறது. கம்பெனி அப்படி ஒன்றை அடிக்கவே இல்லை. அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது, கோடிக்குப் போகும் என்று 'ரைஸ் புல்லிங்' ஆசாமிகள் விரிப்பது இந்த மாதிரிச் சரக்கைத்தான். அது இழுப்பது உங்கள் பணத்தை.

உழும்போது நிஜமாகவே காசுக்கலயம் அகப்பட்டால் ஒளிக்காதீர்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் போனால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். என் பங்கு மண்ணில் கிடைத்ததும் இல்லை. ரூபாய்க்கு 64 காலணா என்ற பழைய கணக்கில் கூட்டினால் சுருக்குப்பை மொத்தமும் ஒரு ரூபாய் தேறவில்லை.