திருகோணமலைக்கு ஓர் ஐஸ் ஹாக்கி அணி

திருகோணமலைக்கு ஐஸ் ஹாக்கி அணி வேண்டும் என்றால் எல்லோரும் முதலில் வெயிலைத்தான் காட்டுவார்கள். வெயில் ஒரு பொருட்டே அல்ல. பாலைவனத்து அல் ஐனில் 2025இல் மகளிர் ஆசியக் கிண்ணமே நடந்தது. இந்தியா வெண்கலமும் வென்றது. ஐஸும் நமக்குப் புதிதல்ல. கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் இப்போதைக்கு அதன்மேல் சறுக்குவது சூரை மீன், அவ்வளவுதான். அணிகளைக் கொல்வது கணக்குப் புத்தகம். அமெரிக்காவின் ஜோர்ஜியாவில், மேக்கன் நகரில் 1973இல் தொடங்கிய ‘வூப்பீஸ்’ என்ற சிறு லீக் அணி, பணமில்லாமல் முதல் பருவம் முடியுமுன்பே மூடப்பட்டது. டேராடூனில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகக் கட்டிய பனி அரங்கு, பிறகு பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. மின்கட்டணத்தை யார் கட்டுவது?

ஒரே அணி யாரோடு ஆடும் என்று கேட்கலாம். அந்தக் கவலை வேண்டாம்: சங்கம் தொடங்கிய மூன்றாம் மாதமே, அதிலிருந்து பிரிந்த இரண்டாம் சங்கம் தனித் தலைவரோடும் தனி ரப்பர் முத்திரையோடும் வந்துவிடும். மிச்சமிருப்பது மின்சாரம் ஒன்றுதான். அதற்கும் சம்பூரில் 500 மெகாவாட் அனல்மின் நிலையம் வருமென்றார்கள். காணிகள் எடுக்கப்பட்டன, நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது.