முதல் வேட்டைக்குப் புறப்படும் வீரனுக்கு

தடாவுக்கு மேற்கே, உப்பலமடுகு அருவி விழும் மலைக்காட்டோரம், முதல் பன்றி வேட்டைக்குக் கிளம்பி நிற்கும் தம்பி, நீ வாழ்க!

காட்டுப்பன்றி லேசான மிருகமல்ல. அடிபட்ட ஆண்பன்றி திரும்பிப் பாய்ந்தால் தொடையைக் கிழித்துவிடும். அதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் நீ தயாராகியிருக்கிறாய். நெற்றியில் விளக்கு, கூட்டாளி தோளில் நாட்டுத் துப்பாக்கி, பன்றித் தடத்தில் கம்பிக் கண்ணி, தீனிக்குள் பொதிந்த அவுட்டுக்காய் வெடி. அந்தப் பக்கம் பன்றிக்கு இருப்பதோ கோரைப்பல். இவ்வளவையும் திரட்டிக்கொண்டு அதற்கு எதிரே ஒருமுறைகூட நிற்காமல் ஜெயிக்கப் பார்க்கிறாயே, அந்தத் தைரியம் யாருக்கு வரும்!

உன் பரம்பரையும் பெரிய பரம்பரை. 1911 டிசம்பரில் டெல்லி தர்பார் முடிந்த கையோடு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் நேபாளத்துத் தராய்க் காட்டுக்கு வேட்டைக்குப் போனார். அங்கே வேட்டைக்கு வழக்கமான ஏற்பாடு ஒன்று உண்டு. முன்கூட்டியே எருமைக் கன்றைக் கட்டிவைப்பார்கள். கன்றைத் தின்று அங்கேயே படுத்த புலியை யானைகள் வளையமாகச் சூழ்ந்து நெருங்கும். யானை மேலிருந்தபடி விருந்தாளி சுடுவார். மன்னரின் கூட்டம் அப்படிப் பத்து நாளில் சாய்த்தது 39 புலி, 18 காண்டாமிருகம். புலி தப்பிக்க வழியில்லை. ஆபத்து மன்னரை நெருங்கவும் வழியில்லை. ஏற்பாடு என்றால் அதுவல்லவா ஏற்பாடு!

கொரியா சமஸ்தானத்து ராஜா ராமானுஜ் பிரதாப் சிங் தேவ் அதையும் எளிதாக்கினார். 1947-இல் ஓர் இரவு, கார் விளக்கு வெளிச்சத்தில் அவருக்கு மூன்று சிவிங்கிப்புலிகள் கிடைத்தன. மனிதரைக் கண்டால் ஒதுங்கிப் போகும் பிராணி அது. மூன்றையும் சுட்டுக் கிடத்திப் புகைப்படமும் எடுத்துக்கொண்டார். இந்தியாவில் கடைசியாகப் பதிவானவை அவைதாம். 1952-இல் அந்த இனமே இந்நாட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டை விமானத்தில் ஏற்றி வந்து குனோ காட்டில் விட வேண்டியதாயிற்று. எழுபத்தைந்து ஆண்டு அழியாத புகழ் எத்தனை வேட்டைக்காரருக்கு வாய்க்கும்?

ஆனாலும் தம்பி, அந்த ராஜாக்கள் இரவு பகலாக விழித்திருந்து சுட வேண்டியிருந்தது. உனக்கு அதுவும் வேண்டாம். அவுட்டுக்காயை வைத்துவிட்டு வீட்டில் போய்த் தூங்கலாம். கடித்த பன்றியின் தாடை சிதறும். தின்ன முடியாமல், குடிக்க முடியாமல் நாள்கணக்கில் அலைந்து எங்கோ ஒரு புதரில் விழும். இன்ன உயிர் என்று அவுட்டுக்காய் பேதம் பார்ப்பதுமில்லை. மேயப்போன மாட்டுக்கும் அதே மரியாதைதான். 2020 மே 27 அன்று கேரளத்தின் வெள்ளியாற்றுத் தண்ணீரில் வாயை அமிழ்த்தி நின்றபடியே ஒரு சினை யானை செத்தது. வெடி வைத்த தீனியைக் கடித்த யானை அது. வைத்தவன் அதன் முகத்தைப் பார்க்க வேண்டிய சங்கடம்கூட இல்லாத ஆயுதம் அல்லவா!

நம் முன்னோருக்குத்தான் இந்தச் சாமர்த்தியம் போதவில்லை. சித்தூரிலும் தர்மபுரியிலும் கொங்கு நாட்டிலும் நடுகற்கள் நிற்கின்றன. அவற்றில் புலிக்குத்திப்பட்டான் கற்களைப் போய்ப் பார். புலி பாய்கிறது, குறுவாளோடு ஒருவன் எதிர்த்து நிற்கிறான். ஊர் மாட்டைக் காக்கப் போய் உயிரை விட்டவன் அவன். விளக்கில்லை, மறைவில்லை, வெடியில்லை. உன்னளவு தயாராகப் போயிருந்தால் அவன் பிழைத்திருப்பான். ஊர் அவனுக்குக் கல் நட்டிருக்காது.

இனி நேராகவே சொல்கிறேன். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நீ போவது குற்றம், சிறை உண்டு. பன்றி உன் வேர்க்கடலையை அழித்ததென்றால் வனத்துறையில் மனுக் கொடு. பயிருக்குக் கேடு செய்யும் விலங்குக்கு அந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. வீரத்தைக் காட்ட என்றால், ஓடவும் எதிர்க்கவும் இடம் கொடுக்காமல் கொல்வதற்கு வீரம் என்று பெயரில்லை. கண்ணியைக் கழற்று. அவுட்டுக்காயை நீயே தொட்டு எடுக்கப் போகாதே, வைத்த இடத்தை வனத்துறைக்குச் சொல். இன்றிரவு வீட்டிலேயே இரு.