மட்டாஞ்சேரிக்குப் போகாத மட்டாஞ்சேரி ஸ்டேஷன்

கொச்சி ராஜா ராமவர்மாவுக்கு ரயில் ஆசை வந்தது தப்பில்லை. கஜானாவில் காசில்லாத நேரம் பார்த்து வந்ததுதான் தப்பு. வெள்ளைக்காரன் "பேஷாகப் போடுங்கள், செலவு உங்களுடையது" என்கிற ரகம். ராஜா சுற்றுமுற்றும் பார்த்தார். திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயிலில் 15 யானைகளுக்கு 15 தங்க நெற்றிப்பட்டம். அதில் 14-ஐ விற்றுத்தான் தண்டவாளம் போட்டார் என்பது கொச்சிக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்லும் கதை. நெற்றிப்பட்டம் போன யானைகளின் கருத்தை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை.

1902 ஜூலையில் ஷொர்ணூருக்கும் எறணாகுளத்துக்கும் இடையே பயணிகள் வண்டி ஓடியது. ஓடியது சரி, ஆனால் எதன்மேல்? ஷொர்ணூர் வழியாகப் போகும் மெட்ராஸ் லைன் அகலப்பாதை, 1,676 மில்லிமீட்டர். கொச்சி போட்டதோ மீட்டர் கேஜ். சாமி நகையை விற்று வாங்கிய வண்டி ஷொர்ணூரைத் தாண்டி ஓர் அங்குலம் நகர முடியாது. அங்கே எல்லாரும் இறங்க வேண்டும். பெட்டி படுக்கை, கூஜா, தூங்குகிற குழந்தை எல்லாம் பிளாட்பாரம் மாறும். சரக்குக்கு இன்னும் விசேஷம். அந்த வேகனிலிருந்து ஒரு மூட்டை தலையில் ஏறும், நாலு எட்டு நடக்கும், இந்த வேகனில் இறங்கும். மறுபடி அடுத்த மூட்டை. டைம்டேபிளில் போட்டிருந்த நேரம் இன்ஜினைப் பொறுத்ததா, கூலியாட்களின் கழுத்தைப் பொறுத்ததா என்று கேட்டால் நான் கழுத்துக்குத்தான் ஓட்டுப் போடுவேன். முப்பது வருஷத்துக்கு மேல் இந்தக் கூத்து நடந்தது. 1930களின் நடுவில்தான் பாதையை அகலமாக்கினார்கள்.

இதற்குள் ராபர்ட் பிரிஸ்டோ என்ற இன்ஜினியர் வந்து காயலைக் குடைய ஆரம்பித்திருந்தார். துறைமுக வாயிலை அடைத்துக் கிடந்த மணல்திட்டை வெட்டினார்; 1928-இல் 'பத்மா' என்ற கப்பல் உள்ளே வந்தது. அள்ளிய சேற்றையும் மணலையும் என்ன செய்வது? காயலிலேயே ஓர் இடத்தில் கொட்டி, அதற்கு வைஸ்ராய் பெயரை வைத்தார்கள்: வில்லிங்டன் தீவு. ஒரு பக்கம் வெண்டுருத்திப் பாலம் கட்டி ரயிலைத் தீவுக்குள் விட்டார்கள். 1940களில் அங்கே கொச்சி ஹார்பர் டெர்மினஸ் வந்தது. கப்பலிலிருந்து இறங்கினால் ரயில், ரயிலிலிருந்து இறங்கினால் கப்பல். டீ கார்டன் எக்ஸ்பிரஸ் அப்போது இங்கிருந்துதான் கோயம்புத்தூர்ப் பக்கம் புறப்பட்டது. மலையில் பறித்த தேயிலை இந்தத் தீவில்தான் ஏலம் போனது என்பதால் பெயர் பொருத்தம். நம் ரயில்வேயில் அது அடிக்கடி வாய்ப்பதில்லை.

வாய்க்காததற்குச் சாட்சி அதே தீவில் இருக்கிறது: மட்டாஞ்சேரி ஹால்ட். மட்டாஞ்சேரி தண்ணீருக்கு அந்தப் பக்கம். தண்டவாளம் இந்தப் பக்கத்தோடு முடிகிறது. மட்டாஞ்சேரி என்று டிக்கெட் வாங்கியவர் ஹால்ட்டில் இறங்கி, துறைமுகப் பாலம் தாண்டி, தோப்பும்படியில் கால் வைத்து, அங்கிருந்து பஸ் பிடித்தால் மட்டாஞ்சேரி போகலாம். அந்தப் பழைய பாலத்தின் நடுப்பகுதியோ படகுக்கு வழிவிடத் தூக்கிக்கொள்ளும்படி கட்டியது. ஆக ரயிலுக்குக் காத்திருந்தவர் படகுக்கும் காத்திருக்கலாம். ஹால்ட்டுக்குப் பக்கத்து வாத்துருத்தியில் தமிழ்நாட்டுக்காரர்கள் குடியேறி இருக்கிறார்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். ரயில்வே அவர்களுக்குத் தந்த முக்கியமான வசதி லெவல் கிராசிங் கேட். அது மூடினால் தோப்பும்படி பஸ் நிற்கும்.

2004-இல் தூர்வாரும் கப்பல் ஒன்று வெண்டுருத்தி ரயில் பாலத்தில் மோதியது. தூர்வாரிப் பிறந்த தீவுக்கு ரயில் வருவதைத் தூர்வாரி நிறுத்தியது! பிரிஸ்டோ இருந்திருந்தால் கணக்கு நேராகிவிட்டது என்று தொப்பியைக் கழற்றியிருப்பார். பயணிகள் வண்டி நின்றே போனது.

புதுப் பாலம் கட்டி, 2018 செப்டம்பரில் எறணாகுளம் ஜங்ஷனிலிருந்து டெமு வண்டி விட்டார்கள். காலையிலும் மாலையிலும் மட்டும். பத்து ரூபாய் டிக்கெட். ஆனால் பதினாலு வருஷத்தில் துறைமுகத்தின் பெருவேலை வல்லார்பாடம் பக்கம் நகர்ந்திருந்தது. தீவில் இருந்த விமான நிலையமும் 1999-லேயே நெடும்பாசேரிக்குப் போய்விட்டது. தோப்பும்படிக்காரர் பாலம் தாண்டி, ஸ்டேஷன் தேடி, ஊர்ந்து வருகிற வண்டிக்காக உட்கார்ந்திருப்பதற்குள் அதே எறணாகுளத்துக்கு வீட்டு வாசலிலேயே பஸ் வந்துவிடும். காலி இருக்கைகளைச் சுமந்து அலுத்த டெமுவையும் சீக்கிரமே நிறுத்தினார்கள். காரணம், ஆள் ஏறவில்லையாம். ஆள் ஏறுகிற நேரத்தில் வண்டி விட்டோமா என்ற கேள்விக்கு அந்த அறிவிப்பில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

ஹார்பர் டெர்மினஸுக்கு உயிர் கொடுக்கப் போவதாக இப்போதும் அவ்வப்போது பேச்சு எழும். ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் காரில்தான் வர வேண்டும், ரயில் இல்லையே.