ஏழரைக் குழிக்கு ஒரு புள்ளி

வாடா பேராண்டி, திண்ணையில உக்காரு. அது என்ன கையில, சிலேட்டு மாதிரி? சாட்டிலைட் புடிச்ச நம்ம வயல் படமா? ஏன் இப்படிச் செவப்பா இருக்கு, நான் நெல்லு போட்டேனா மொளகா போட்டேனா? ஓகோ, பச்சை இலை திருப்பி விடுற, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்துக்கு நீங்க பூசுற சாயமா! படிச்சவன் சொன்னா பச்சையும் செவப்புதான்.

ஐப்பசி மூடாப்புலயும் ரேடார் மேகத்தைத் தாண்டிப் பாக்குமாமே. தண்ணி கட்டின வயல் கண்ணாடி மாதிரி. வந்த அலையை வேற பக்கம் தள்ளிவிட்டுரும், படத்துல கருப்பு. பயிர் எழும்ப எழும்ப வெளுத்துக்கிட்டு வரும். அதை வச்சே நட்ட தேதியைச் சொல்லிடுவீங்க. பலே! நடாத வயலுக்கு இன்சூரன்ஸ் கட்டிட்டு நஷ்டஈட்டுக்கு நிக்கிற ஆளு டீக்கடையிலயே நாலு பேரு. இனிமே அண்ணாந்து பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவான். என்னை ஏன்டா பாக்குற?

1970ல விஞ்ஞானி பிஷரோட்டி கேரளாவுல தென்னை வாடலை ஹெலிகாப்டர்லேருந்து படம் புடிச்சாரு, நம்ம நாட்டுல இந்தக் கலைக்கு அதுதான் பிள்ளையார் சுழின்னு நீதான் சொன்னே. சரி, தென்னைக்கு எல்லாம் உச்சியில. நெல்லுல புகையான் பூச்சி எங்கே உக்காரும்? தூருல, தண்ணிக்குச் சித்த மேல. மேலே பாத்தா பச்சைப்பசேல்னு சிரிக்கும். உன் படத்துல வட்டம் வட்டமா கருகல் தெரியிறப்ப இங்க கருமாதியே முடிஞ்சிருக்கும். அதனால, அந்தச் சிலேட்டை இப்படி வச்சுட்டு, செருப்பைக் கழட்டிட்டு, வயல்ல எறங்கித் தூரை வெலக்கிப் பாரு. மேலேருந்து பாக்குறவன் எந்த வயலுக்கு மொதல்ல ஓடணும்னு சொல்லட்டும். ஓடுறது உன் காலு.

உன் படத்துல ஒரு புள்ளி பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர்னியே, அது நம்ம கணக்குல ஏழரைக் குழி. எண்ணே சகுனமா இல்லையே! 1988ல மேலே போன ஐ.ஆர்.எஸ்-1ஏ சாட்டிலைட்ல லிஸ்-1 கேமராவுக்கு ஒரு புள்ளியே ஒண்ணேகால் ஏக்கருக்கு மேலயாம். அப்ப என் சொத்து பூராவும் ஒத்தைப் புள்ளி. இப்ப நான் பெரிய மிராசுடா.

போறதுக்கு முந்தி ஒண்ணு கேக்கணும். வரப்பு ரெண்டு விரக்கடை நகந்தா அதுல தெரியுமா? பக்கத்து வயக்காரன் ரொம்ப நாளா முனகுறான்.

தெரியாதா? நல்லாப் பாத்துச் சொல்லு. நிச்சயமாத் தெரியாதுல்ல? அப்ப சரி, மோர் குடிச்சுட்டுக் கெளம்பு.