கவிழ்க்கக் கற்றுத்தருகிறார்கள்

வத்தை எங்கள் மீன்பிடிப் படகு. அதிராம்பட்டினம் பக்கத்துக் கடலில் பெரிய வத்தை என்றால் மூன்று பாய்மரம். எங்கள் வத்தை சிறியது, ஒற்றை மரம். மரம் ஒன்று என்பதால் ஊரில் எங்களுக்கு மதிப்பும் அதற்குத் தக்கபடிதான். கல்யாண வீட்டில் மூன்று மரக்காரர்கள் முதல் பந்தி. நாங்கள் ரசத்தில் தண்ணீர் சேர்ந்த பிறகு.

வத்தையில் ஆளுக்கொரு இடம் உண்டு. அப்பா பின்பக்கம் அமரத்தில் உட்கார்ந்து சுக்கானையும் தாமானையும் பார்த்துக்கொள்வார். தாமான், பாயின் பின்மூலையைப் பிடித்திருக்கும் கயிறு. அதை விட்டால் பாய் படபடக்கும், இழுத்தால் வத்தை ஓடும். முன்மூலைக் கயிறான கோசு, முன்பக்கம் அணியத்தில் இருக்கும் என் பொறுப்பு. பாயைத் தாங்கும் கம்பான பருமலை மேலே ஏற்றும் ஆஞ்சான் கயிற்றுக்குச் சித்தப்பா. காற்று வலுத்தால் அவருக்கு இன்னொரு வேலையும் சேரும்: காற்று வரும் பக்கமாக வெளியே நீட்டிய பலகையின் நுனிக்கு நகர்ந்து, கடலுக்கு மேலே உட்கார்ந்துகொள்ள வேண்டும். வத்தை சாயாமல் இருப்பது அவருடைய எடையால். சித்தப்பா நிறையச் சாப்பிடுவதை வீட்டில் யாரும் குறை சொல்லாததற்கு இதுவே காரணம்.

பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். பெரும்பகுதியில் ஒரு தென்னை உயரத்துக்குத் தண்ணீர் இருந்தால் அதிகம், கரையோரம் சேறு. ஆழமான ஏரா, அதாவது அடிமரம், வைத்த படகு தரை தட்டி நிற்கும். அடி தட்டையான படகோ காற்றில் பக்கவாட்டாகவே நழுவும். அதைத் தடுக்க ஓரத்தில் ஒரு பலகையை நீருக்குள் இறக்குவோம். கரை நெருங்கினால் தூக்கிவிடுவோம். பாய் முக்கோணம், பருமல் மரத்தைவிட நீளம். திசை மாற்ற வேண்டுமென்றால் பாயைத் தளர்த்தி, பருமலை நிமிர்த்தி, மரத்துக்கு மறுபக்கம் கொண்டுபோக வேண்டும். அந்த நேரத்தில் அப்பாவின் வாயிலிருந்து வரும் வசவுகள் பெரும்பாலும் என் பிறப்பைச் சந்தேகிப்பவை. அதை அவரே கேட்கிறாரே என்று அப்போது சிரிக்கத் தோன்றியதில்லை.

விடியுமுன் கரைக்காற்று கொண்டுபோய் விடும். பிற்பகல் கடல்காற்று வீட்டில் கொண்டுவந்து சேர்க்கும். இரண்டுக்கும் கூலி கிடையாது. ஆனால் இரண்டும் நம் சொல்படி வேலைக்கு வருவதில்லை. காற்று விழுந்துவிட்டால் துடுப்புதான், அல்லது இருந்த இடத்தில் பசிதான். வாடைக்காலத்தில் காற்றுக்குக் குறைவில்லை, கடலில் இறங்கும் தைரியத்துக்குத்தான் குறை. பாய்மரத்தைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் யாரும் காற்றில்லாத பகலில் பாக் விரிகுடா வெயிலில் உட்கார்ந்து பார்த்ததில்லை என்று தைரியமாகச் சொல்வேன்.

அதனால் எஞ்சின் வந்தபோது யாரும் அழவில்லை. கடன் வாங்கி மாட்டினோம், காற்றுக்கு எதிராகவே போனோம், தெற்கிலிருந்து வரும் சோழகமா, கிழக்கிலிருந்து வரும் கொண்டலா என்று கேட்க வேண்டிய அவசியம் போயிற்று. டீசல் என்ன விலை என்று கேட்கும் அவசியம் வந்தது. பாய் முதலில் கருவாட்டுக்கு விரிப்பானது, பிறகு மாட்டுக்கொட்டகைக்கு மறைப்பு. பாய்மரம் தெருமுனையில் ஒரு கட்சிக்குக் கொடிக்கம்பமாகி, ஆட்சி மாறியதும் மறுகட்சிக்குப் போயிற்று. காற்றுக்கேற்பத் திரும்பும் பழக்கம் அதற்கு விட்டுப்போகவில்லை.

நாங்கள் கழற்றிப் போட்டதை அளக்க இங்கிலாந்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஷான் மெக்ரெயில், லூசி ப்ளூ போன்ற ஆய்வாளர்கள் தமிழகக் கரையில் வத்தைகளை ஆராய்ந்து 1998-ல் கட்டுரையே வெளியிட்டார்கள். படகின் விலாச்சட்டங்களான வங்குகளை முதலில் நிறுத்திப் பிறகு பலகை அடிக்கும் எங்கள் ஆசாரிகளின் கணக்கு அவர்களுக்கு வியப்பு. ஆசாரிகளின் பிள்ளைகளோ அதற்குள் வேறு வேலைக்குப் போயிருந்தார்கள்.

நானும் போயிருந்தேன். வங்கி வேலை, சென்னை, மின்விசிறிக் காற்று. பாயை விட்டு வெளியேற எங்கள் குடும்பத்துக்கு ஒரு தலைமுறை பிடித்தது. இப்போது என் பேத்தி சென்னைத் துறைமுகத்தில் பாய்மரப் படகு ஓட்டக் கற்கிறாள். கட்டணம் எவ்வளவு என்று ஊரில் சொல்லவில்லை. சித்தப்பாவுக்கு இன்னும் காது கேட்கிறது.

அவளுடைய படகுக்கு ஆப்டிமிஸ்ட் என்று பெயர். 1947-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் சிறுவர்களுக்காக ஒட்டுப்பலகையில் மலிவாகச் செய்யும்படி வரைந்தது. நீளம் சுமார் 2.3 மீட்டர், ஒற்றை மரம். பதினைந்து வயதுவரை ஓட்டலாம். பிறகு பெரிய படகு. நேத்ரா குமணன் என்ற சென்னைப் பெண் டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனதும் ஒற்றை மரப் படகில்தான். அதில் காற்றடிக்கும் பக்கம் உடம்பை வெளியே சாய்த்துத் தொங்க வேண்டும். காணொளியில் பார்த்த சித்தப்பா, “பலகைகூடக் கொடுக்கலையாடா அந்தப் புள்ளைக்கு?” என்றார்.

பேத்தி படகின் நடுவில் ஒரு பலகையைச் செருகுகிறாள். நாங்கள் ஓரத்தில் இறக்கினோம். தாமான் அவளுக்கு மெயின்ஷீட். அதைப் பிடிக்கக் கையுறை, முகத்துக்கு வெயில் தடுக்கும் களிம்பு, மார்பில் மிதவைச் சட்டை. காற்றில் ஓடும் படகுகளுக்குப் பின்னாலேயே எஞ்சின் படகு ஒன்று காவல் வருகிறது. “உங்களுக்குக் காத்து எந்தப் பக்கம்னு எப்படித் தெரியும் தாத்தா? ஆப் இல்லையே?” என்று கேட்டாள். கன்னத்தைத் திருப்பிக் காட்டினேன். அதில் வேகம் எத்தனை நாட் என்று தெரியுமா என்றாள். தெரியாது, அப்பாவின் வசவு எத்தனை நீளம் என்பதை வைத்துத்தான் நாங்கள் கணக்குப் போடுவோம் என்றேன்.

போன வாரம் வந்து, அடுத்த வகுப்பில் படகைக் கவிழ்க்க வேண்டும் என்றாள். வேண்டுமென்றே கவிழ்த்து, நடுப்பலகையில் ஏறி மிதித்து நிமிர்த்த வேண்டுமாம். சரியாகச் செய்தால்தான் சான்றிதழ். மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்துகொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“கவுத்தா சர்டிபிகேட்டா? அப்ப உங்க அப்பாவுக்கு ஒரு பீரோ நிறைய வந்திருக்கணுமே.”