வெல்லாவெளிக் களவெட்டியில் 64 கட்டம்

18,446,744,073,709,551,615. இந்த இருபது இலக்க எண்ணின் பருமனைப் பார்த்து உலகம் வாய்பிளந்தது போதும். அவ்வளவு நெல்மணியையும் இலங்கையின் படுவான்கரையில் உள்ள வெல்லாவெளியில் ஒரு களவெட்டியில் (சூடடிக்கும் களத்தில்) குவித்தால், சண்டை இல்லாமல் பங்கு பிரிக்க முடியுமா? இவ்வாய்வு எடுத்துக்கொண்ட கேள்வி அதுதான்.

எண்ணின் பூர்வீகம் பலருக்கும் தெரிந்ததே. கேரளத்து அம்பலப்புழையில் வழங்கும் கதையில், முனிவர் வேடத்தில் வந்த கிருஷ்ணர் அரசனைச் சதுரங்கத்தில் வென்று அரிசி கேட்கிறார். முதற் கட்டத்துக்கு ஒரு மணி, அடுத்ததற்கு இரண்டு, பிறகு நான்கு, இப்படியே 64 கட்டத்துக்கும். கொடுக்க முடியாத அரசன் கடனைக் கோயிலில் பால்பாயசமாகத் தவணையில் கட்டுகிறான். வட்டியைப் பற்றிக் கதை மூச்சுக் காட்டவில்லை.

படுவான்கரைக் கணக்கில் பார்த்தால் அரசன்மேல் இரக்கம்தான் வரும். ஆயிரம் நெல்மணி 25 கிராம், ஒரு புசல் 21 கிலோ என்று கொள்வோம். இருபதாம் கட்டம் வரை வந்தும் போனது ஒரு புசலும் சில கிலோவும்தான். பாதிப் பலகைக்கு 5,100 புசல். பெரிய போடியார் (வயற்சொந்தக்காரர்) ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு அளந்துவிடலாம். ஆனால் 48ஆம் கட்டம் முடிவதற்குள், நல்ல ஆண்டொன்றில் இலங்கை முழுவதும் விளையும் 50 இலட்சம் தொன் நெல்லும் காலி. ஏனென்றால் ஒவ்வொரு கட்டமும் தனக்கு முந்திய கட்டங்கள் அத்தனையும் சேர்ந்ததைவிட ஒரு மணி கூடுதல். முழுப் பலகைக்கு 46,000 கோடி தொன் வேண்டும். பெரும்போகமும் சிறுபோகமும் பொய்க்காமல் 92,000 ஆண்டு விளைய வேண்டிய நெல் அது.

இனிப் பங்கு. போடியாருக்குப் பாதி, செய்கைக்காரருக்குப் பாதி என்றால் தொடக்கத்திலேயே தகராறு: எண் ஒற்றைப்படை, ஒரு மணி மிஞ்சும். மூன்றாகப் பிரித்தால் மிச்சமே இல்லை. ஆளுக்கு 6,148,914,691,236,517,205 மணி. மூன்றாம் பங்காளி யார் என்று படுவான்கரையில் கேட்கத் தேவையில்லை. அழைக்காமலே இரவில் வந்து, அளக்காமலே எடுத்துக்கொண்டு போகும் யானைதான். இதுவரை இழப்பு என்று எழுதப்பட்டு வந்ததை, எண்கணிதம் உரிமைப் பங்காகவே ஒத்துக்கொள்கிறது.

நான்காவதாகக் கண்ணகி அம்மன் கோயிலைச் சேர்த்தால் மூன்று மணி மிஞ்சும். காட்டுப்பன்றியையும் சேர்த்து ஐந்தாக்கினால் மறுபடி சமாதானம். அதன்பின் ஆறு முதல் பதினான்கு வரை எந்தத் தொகையும் ஒத்துவராது. பதினைந்தும் பதினேழும் வரும். சமமாகப் பிரிக்க மொத்தம் 128 வழிகள் உண்டு.

காரணம், இந்த எண் ஏழு பகா எண்களின் பெருக்கம்: 3, 5, 17, 257, 641, 65,537, 6,700,417. முதல் நான்கும் 65,537உம் ஒரே வம்சம். ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்தால் இரண்டின் அடுக்கு வரும், ஒவ்வொரு அடுக்கும் முந்தியதன் வர்க்கம். இந்த வம்சத்தில் பிறப்பதெல்லாம் பகா எண்ணே என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் ஃபெர்மா நம்பினார். அடுத்த வாரிசு 4,294,967,297. நம் பாதிப் பலகை நெல்லைவிட இரண்டு மணி கூட. 1732இல் ஆய்லர் அதை 641ஆல் வகுத்து, மீதியின்றி 6,700,417 வருவதைக் காட்டினார். ஃபெர்மாவின் நம்பிக்கை உடைந்தது, களவெட்டிக்கோ ஆதாயம். 641 குடும்பங்கள் உள்ள ஊரும் இனி மிச்சமின்றிப் பங்கு கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஆசைப்பட்டு 65ஆம் கட்டம் கேட்டால் நெல் இரட்டிப்பாகும், ஆனால் பங்கு வழிகள் 128இலிருந்து எட்டாகச் சுருங்கும். இரண்டு முதல் முப்பது வரை எத்தனை பேர் கூடினாலும் சரிவராது. 31 பேர் வந்தால்தான் களவெட்டியில் அமைதி. மூன்று பங்கில் ஒரு மணி மிஞ்சும், அதை யானையிடம் விளக்க ஒருவரை நியமிக்க வேண்டியிருக்கும்.